இனி நீ மதகு பார்க்க வேண்டாம்

என் வயிற்றில் முதலில் பிறந்த ஆறுமுகத்துக்கு,

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். உறுவையாற்றில் கட்டிக்கொடுத்தோமே உன் தங்கை, அவளுடைய பெரிய மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா பரீட்சை தேறிவிட்டாள். அவள் அப்பா வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் ஒரு கட்டி வெல்லம் வைத்து அனுப்பினார். அவளுக்கு மூத்தவன் சைகோனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். ஊரில் இருந்தபோது கடலைக்கொல்லைக்குப் போகச் சொன்னால் வயிற்றுவலி வரும் அவனுக்கு. இப்போது கப்பலில் துணி அனுப்புகிறான். உன் தம்பி மகன் கொம்யூன் ஆபீசில் எழுத்தர் ஆகிவிட்டான். அவன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு மேலே இருக்கிற துரை ஏதோ பிரெஞ்சில் பாராட்டினாராம். என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, சிரிக்கிறான்.

உன் மகன் தணிகாசலம் டாக்டருக்குப் படிக்கிறான். புதுச்சேரியில்தான். நீ போகும்போது அவன் சுவரைப் பிடித்து நிற்கக் கற்றுக்கொண்டிருந்தான். இப்போது உன்னைவிட அரைச்சாண் உயரம். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றபோது உன் பெண்டாட்டி அஞ்சலை உள்ளே ஓடிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெருமை பேசத்தான் எனக்கு நன்றாக வரும், உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் பெருமைக்காக இல்லை.

தணிகாவும் அவன் சிநேகிதர்களும் மாதம் ஒரு பத்திரிகை அச்சடிக்கிறார்கள். மெல்லிசாக இருக்கும். அதில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது. உன்னை மாதிரி ஒரு பிள்ளை இருக்கிற வீட்டுக்காவது போய்ச் சேரட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

போன புரட்டாசியில் தணிகா லீவு என்று சொல்லிக்கொண்டு வந்தான். முகம் வாடியிருந்தது. ஆஸ்பத்திரிச் சோறு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நான் கொல்லையில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கத்தைத் தாளோடு வந்து எதிரே உட்கார்ந்தான். அவர்கள் பத்திரிகைக்காக மனசைப் பற்றிய சொற்களுக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தானாம். எல்லாம் பிரெஞ்சுப் புத்தகத்தில் இருக்கிறதாம், தமிழ்ச் சனங்களுக்குப் போய்ச் சேரவில்லையாம்.

“ஆயா, நீ அஞ்சாவது. உனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும். படிக்கறேன், கேளு.”

“இன்னாடா, என்னைப் படிக்கல்லா வச்சி நிறுக்கப் போறியா?”

“ஆமா. புரியலன்னா கையத் தூக்கு.”

“கையில கடல இருக்குது. வாயால சொல்றேன், படி.”

மனோதத்துவம் என்றால் என்ன என்று முதலில் படித்தான். மனசு எப்படி நினைக்கிறது, எப்படி ஞாபகம் வைக்கிறது, எப்படிப் பயப்படுகிறது என்று பார்க்கிற படிப்பாம். உடம்புக்கு நோய் வருகிற மாதிரி மனசுக்கும் வருமாம். அது சாமி குற்றமும் இல்லை, குணக்கேடும் இல்லையாம். நான் கையைத் தூக்கவில்லை.

அப்புறம் பயம், கவலை என்று இரண்டு சொல். எதிரில் பாம்பு இருந்தால் வருவது பயம். பாம்பு இல்லாத இடத்தில், இருந்தால் என்ன ஆகும் என்று மனசு தானே பாம்பைக் கொண்டுவந்து விட்டால் அது கவலை.

“இது உங்கம்மாதான்” என்றேன். “நீ வண்டி ஏறுனா போதும், அது நாலு எடத்துல கவுந்துடும் அவளுக்கு.”

“எனுக்கும் காது இருக்குது, அத்தே” என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது.

துக்கத்தைப் பற்றிப் படித்தான். யாருக்காக அழுகிறாய் என்று கேட்டால் துக்கம் ஒரு பேர் சொல்லும். மனச்சோர்வு என்று ஒன்று இருக்கிறது, அதனிடம் கேட்டால் பேர் சொல்லத் தெரியாது. எல்லாம் இருந்தும் எதுவும் வேண்டாம் என்று கிடக்கும். துக்கம் மெல்ல மெல்லச் சோறு தின்னப் பழகும். மனச்சோர்வுக்கு வைத்தியம் வேண்டும். அஞ்சலை கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்று கேட்டாள். எந்தச் சொல் தன்னுடையது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருந்தது.

அடுத்த சொல்லை அவன் வேகமாகப் படித்தான். அதற்குப் பிரெஞ்சில் இருக்கிற பேரை அப்படியே தமிழில் எழுதினால் சந்தேகப் பைத்தியம் என்று வருமாம். பைத்தியம் என்று எழுத அவனுக்கு மனசு வரவில்லை. விடாத எண்ணம் என்று எழுதியிருந்தான்.

அவன் எழுதியதை எனக்கு ஞாபகம் இருக்கிறபடி சொல்கிறேன். வேண்டாம் என்று தள்ளினாலும் திரும்பி வருகிற எண்ணம் அது. கதவைச் சாத்தினேனா, விளக்கை அணைத்தேனா, என் கையால் யாருக்காவது கெடுதல் வந்துவிட்டதா என்று கேட்கும். அது வீண் என்று அந்த ஆளுக்கே தெரியும். தெரிந்தும் போகாது. அதை அடக்க அவன் எழுந்து போய்ப் பார்ப்பான். பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி வரும். அந்த நிம்மதியின் ருசி பிடித்துப்போய் எண்ணம் மறுபடி வரும். போய்ப் பார்க்கிற அந்தக் காரியத்துக்கு விடாத செய்கை என்று பேர். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று தீனி போட்டு வளரும். அந்த ஆள் பைத்தியம் இல்லை, சோம்பேறி இல்லை, கோழை இல்லை. பார்க்கிறவர்கள் அவனைப் பொறுப்பானவன் என்றுதான் சொல்வார்கள்.

என் கையில் இருந்த கடலை நழுவி முறத்தில் விழுந்தது.

“தணிகா, இது உங்கப்பன்டா.”

அவன் தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

“இல்ல ஆயா. நான் என்னைப் பாத்துதான் எழுதுனேன்.”

ஆறுமுகம், அந்த நிமிஷத்தில் நான் எந்தப் பிள்ளைக்காக அழுதேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன் கதை தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நமக்கு ஏரித் தண்ணீர்ப் பாசனம். தண்ணீர் குறைந்த காலத்தில் ஆளுக்கு ஒரு முறை என்று வரும். உன் முறை முடிந்தால் மடையை அடைத்துவிட்டுப் பக்கத்து வயலுக்குத் திருப்பிவிட வேண்டும். நீ அடைத்துவிட்டு வருவாய். சோற்றில் கை வைப்பாய். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவாய். அடைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்து உட்காருவாய், மறுபடி எழுவாய். பக்கத்து வயல்காரர் நமக்கு ஆகாதவர். அவருடைய வயலுக்காகவும் அப்படித்தான் போனாய். ஊரே அதைப் பார்த்தது. அந்த வருஷம் ஏரியின் பெரிய மதகை யார் பொறுப்பில் விடுவது என்று கோயில் வாசலில் கூடிப் பேசியபோது நாட்டாமைக்காரர் எழுந்து சொன்னார்:

“தன் கண்ணையே நம்பாதவன்யா ஆறுமுகம். அவன் கையில குடு. ஒரு சொட்டு எடம் மாறாது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏரிக்கரை அம்மன் முன்னால் உனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். நான் பாயசம் வைத்தேன். உன் முகத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. கட்டிய துணியின் கீழே நீ வெளிறிப்போயிருந்தாய். கூச்சம் என்றோம்.

வயலில் ஒரு மடை உன்னை அந்தப் பாடு படுத்தியது. இப்போது ஒரு ஊரின் தண்ணீர் உன் தலையில். மதகை மூடியதும் மேல்துண்டில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவாய், அடையாளத்துக்கு. வீட்டுக்கு வந்து முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாய். இந்த முடிச்சு இன்றைக்குப் போட்டதா, நேற்றுப் போட்டதை அவிழ்க்காமல் விட்டதா என்று அதிலும் ஒரு கேள்வி வந்துவிடும். அஞ்சலையைக் கூட்டிப் போக ஆரம்பித்தாய்.

“அஞ்சல, மூடுனத நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“சத்தியமா?”

“நம்ம புள்ள மேல சத்தியமா பாத்தேன், சாப்புடு.”

அதோடு போயிற்றா? மதகு திறந்திருந்தால் சத்தியம் பொய்யாகிப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அன்றைக்கு முழுக்கத் தொட்டிலண்டையிலும் மதகண்டையிலும் மாறி மாறி நின்றாய். நான் உன் கையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

“மூடுனது தெரியுதா இல்லியாடா உனுக்கு?”

“தெரியுதும்மா. தெரிஞ்சும், மூடுனியான்னு கேக்குது.”

“யாருடா கேக்கறது? பேய் கீய் ஏதாச்சும்...”

“பேயா இருந்தா வேற கொரல்ல கேக்கும்மா. இது என் கொரலு.”

பிரெஞ்சுப் புத்தகத்தில் இருப்பதை நீ அன்றைக்கே ஒரு வரியில் சொல்லிவிட்டாய். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் அது ஒரு நோய் என்று தெரியவில்லை. மூடித்தான்டா இருக்குது, நான் சொல்றேன் என்றேன். நான் சொன்னதும் உன் தோள் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்க்கவே நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அந்தக் கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிந்தது. நீ நனைந்தபடி போனாய், நனைந்தபடி வந்தாய், ஈரத்துணி மாற்றுவதற்குள் மறுபடி போனாய். சளி நெஞ்சில் கட்டி ஜுரம் வந்தது. படுத்த பிறகும் கேள்வி நிற்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை, அதனால் கண்ணால் கேட்டாய். ஊர் ஆண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உன் பாய்க்குப் பக்கத்தில் குனிந்து, மதகு மூடியிருக்குது ஆறுமுகம், நான் பாத்துட்டுதான் வரேன் என்றார்கள். ஒருவர் நிற்கும்வரை நீ நம்புவாய். அவர் வாசலைத் தாண்டினால் உன் கண் மறுபடி கதவுக்குப் போகும். அடுத்தவர் வருவார். அப்படித்தான் போனாய், என் கண்ணு. கதவைப் பார்த்துக்கொண்டே போனாய்.

ஊர் உன்னை மறக்கவில்லை. ஏரிக்காக உயிரைக் கொடுத்தவன் என்று மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏரி நிறைந்த அன்றைக்கு முதல் குடம் தண்ணீரை அந்தக் கல்லில் ஊற்றுவார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு ஆள் வரிசையாக வந்து, கல்லின் பக்கம் குனிந்து, மதகு மூடியிருக்குது ஆறுமுகம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் ஏற்பாடு செய்த சடங்கு இல்லை அது. உன் பாய்க்குப் பக்கத்தில் சொன்னவர்கள் அடுத்த வருஷம் கல்லுக்குப் பக்கத்தில் சொன்னார்கள். அவர்கள் பிள்ளைகளும் சொன்னார்கள். இப்போது அது சொல்லாவிட்டால் கரை உடையும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. நான் வருஷா வருஷம் புதுச்சேலை கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று கேட்டிருக்கிறேன். என் மகன் சாமியாகிவிட்டான் என்று நினைத்திருக்கிறேன்.

தணிகா அன்றைக்குக் கொல்லையில் எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரியில் மருந்துப் புட்டியை மூடிவிட்டு வந்தால் மூடி சரியாக இருக்கிறதா என்று திரும்பிப் போகிறானாம். சரியான மருந்தைத்தான் கொடுத்தேனா என்று நோயாளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறானாம். இவ்வளவு கவனமான பையனை நாங்கள் பார்த்ததே இல்லை என்கிறார்களாம். அந்தக் கவனத்துக்காகவே மருந்தறைச் சாவியை இவனிடம் ஒப்படைக்கப் போகிறார்களாம்.

“அத வாங்குனா நான் அவ்ளோதான், ஆயா. அதான் ஓடியாந்துட்டேன்.”

“படிப்பு?”

“படிப்ப உட்டுர்றேன்.”

“சொல்லாம இருந்துட்டியேடா. இதப் போயி அர்த்தம் எழுதிக்கினு இருந்தியா?”

“என்னைப் பத்தின்னு எழுதினா கை வரல. ஊருக்கு அர்த்தம் சொல்ற மாதிரி எழுதுனா வந்துச்சு.”

அஞ்சலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சின்னப் பிள்ளையில் அவன் பள்ளிக்கூடப் பையை எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்தபோதே தெரிந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் அப்பன் ரத்தம் என்று மெச்சிக்கொள்ளும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மருந்து உண்டா என்று கேட்டேன். குடிக்கிற மருந்து இல்லையாம். மதராசில் ஒரு டாக்டர் இருக்கிறார், இதே மாதிரி ஆட்களைப் பார்க்கிறார் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் சொன்னாராம். கேள்வி வரும்போது எழுந்து போகாமல், பதில் தேடாமல், அது வந்து தானே களைத்துப் போகிறவரைக்கும் உட்கார்ந்திருக்கப் பழக்குவாராம்.

“பக்கத்துல இருக்கறவங்க இன்னா செய்யணுமாம்?” என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: “பதில் சொல்லக் கூடாதாம், ஆயா. மூடித்தான் இருக்குதுன்னு சொல்லக் கூடாதாம். சொன்னா அதுக்குத் தீனியாம்.”

அன்றைக்கு நான் அதற்கு மேல் கடலை உடைக்கவில்லை.

உனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? தணிகாவைக் கேட்டேன். ஜுரம்தான் ஆயா கொண்டுபோச்சு, நீங்க சொன்னது இல்ல என்கிறான். அவன் டாக்டருக்குப் படிக்கிறவன், ஆறுதல் சொல்லவும் சேர்த்துத்தான் படிப்பார்கள்.

அதற்குள் ஐப்பசி வந்து ஏரி ஏற ஆரம்பித்துவிட்டது. நாட்டாமைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது அவர் மகன்தான் நாட்டாமை. அவர் வீடு தேடி வந்தார். தணிகாவுக்கு வயசு வந்துவிட்டது, இந்த வருஷம் கல்லுக்குப் பக்கத்தில் பரிவட்டம் கட்டி அவனை நிற்க வைக்கிறோம், ஊர் சொல்வதை அப்பன் இடத்தில் நின்று அவன் கேட்டுக்கொள்ளட்டும் என்றார். ஆசையாகத்தான் சொன்னார். உள்ளே தணிகா சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஆயா, அங்க போயி நின்னா நான் மதகப் பாக்கப் போயிடுவேன். அப்புறம் திரும்பி வர மாட்டேன்.”

அதனால் நான் போனேன்.

ஏரி நிறைந்த அன்றைக்கு மழை விட்டிருந்தது. கரை முழுக்கச் சனம். முதல் குடம் ஊற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள். வரிசை நகரும்போது நான் போய்க் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

“இந்த வருஷத்துலேருந்து யாரும் சொல்ல வேணாம்” என்றேன்.

“இன்னா பெரியம்மா, இன்னா சொல்ற?” என்றார் நாட்டாமைக்காரர் மகன்.

“எம் புள்ளைக்கு ஒரு நோவு இருந்துச்சு. மூடுனியா மூடுனியான்னு மனசு கேட்டுக்கினே இருக்கற நோவு. அதுக்குப் பேரு இருக்குது, வைத்தியம் இருக்குது. நமக்குத் தெரியல. நாம அவன் தலையிலயே மதகத் தூக்கி வச்சோம். செத்தும் அவன உடல. வருஷா வருஷம் வந்து, மூடியிருக்குது மூடியிருக்குதுன்னு ஞாபகப்படுத்திக்கினு இருக்கோம்.”

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: “பேரன் டாக்டருக்குப் படிச்சா சாமிக்கு நோவு வந்துடுமா?”

சிலர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. “நோவுக்காரனத்தான்டா சாமியாக்கிட்டோம்” என்றேன். “அவன் பதினெட்டு ஊர் காக்கப் பொறக்கல. ஒரு வாய் சோறு எழுந்திரிக்காம திங்கணும்னு ஆசப்பட்டான்.”

“சொல்லலன்னா கரை உடைஞ்சா யாரு பொறுப்பு?” என்றது இன்னொரு குரல்.

அப்போது கண்ணுசாமி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். உன் சேக்காளி கண்ணுசாமிதான், வயசுக்கு முன்னாலேயே பல்லெல்லாம் போய்விட்டது. கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“கடைசியா இவங்கிட்ட சொன்னது நாந்தான். மதகு மூடியிருக்குது, பாத்துட்டு வரேன்னேன். நான் போவவே இல்ல. இன்னா மழ அன்னைக்கி. வாசல்லயே நின்னுட்டு உள்ள வந்து சொன்னேன். கரை உடையலியே.”

கண்ணுசாமி குனிந்து கல்லைத் தொட்டார். ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்து நடந்தார். அடுத்து வந்தவரும் தொட்டுவிட்டுப் போனார். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் வீம்புக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். மற்றவர்கள் சும்மா போனார்கள்.

கடைசியில் நான் மட்டும் நின்றேன், ஆறுமுகம். கல் நனைந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உன் தோள் இறங்கும் என்று எனக்குப் பட்டது. அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பெற்றவள் வேறு என்ன செய்வாள்? நான் சொல்லவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு கரையை விட்டு இறங்கினேன். பாதி வழியில், நீ பயந்துகொண்டிருப்பாயோ என்று திரும்பிப் போகத் தோன்றியது. போகவில்லை. உன்னைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய அன்றைக்குக்கூட என் கால் அப்படிக் கனக்கவில்லை.

அப்போதுதான் கொஞ்சம் தெரிந்துகொண்டேன், நீ தினம் என்ன பாடுபட்டிருப்பாய் என்று. எனக்கு ஒரு தடவை. உனக்கு மூச்சுக்கு மூச்சு.

தணிகா மார்கழியில் மதராசுக்குப் போனான். படிப்பை விடவில்லை, லீவு எழுதிக் கொடுத்திருக்கிறான். சாவி வேண்டாம் என்று நேரில் போய்ச் சொல்லிவிட்டான், காரணத்தோடு சொன்னான். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் போய் வேறு கொடி பறக்கிறது. நம் பக்கம் பிரெஞ்சுக் கொடிதான். சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். திறந்து காட்டிய பெட்டியை ஒரு தடவைதான் மூடினானாம். அதை ஒரு பெரிய சேதியாக எழுதியிருந்தான். எங்களுக்கும் அது பெரிய சேதிதான். அஞ்சலை அந்த வரியை என்னை மறுபடி படிக்கச் சொன்னாள்.

குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நடுவில் ஒரு கடிதம் முழுக்க ஒரே கேள்வி. கிளம்பும்போது கொல்லைக் கதவைச் சாத்தினேனா, ஆயா, ஆடு உள்ளே இருந்ததா? நான் பதில் எழுத உட்கார்ந்தேன். சாத்தினாய் என்று எழுதினால் ஒரு வரி. பிள்ளை அங்கே நிம்மதியாகத் தூங்கும். நான் அதை எழுதவில்லை. முருங்கை பூத்ததையும், உன் தங்கை மகள் தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பரீட்சை முடியட்டும் என்று திருப்பி அனுப்பியதையும் எழுதினேன். அஞ்சலை கடிதத்தை ஒட்டினாள். இரண்டு பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த கடிதத்தில் அவன் ஆட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருஷம் ஏரி நிறையும்போது உயிரோடு இருந்தால் வருவேன். உன் பக்கத்தில் உட்காருவேன். மதகைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீயும் கேட்காதே. தண்ணீரை ஊர் பார்த்துக்கொள்ளும், அது ஊர் வேலை. நீ படு. யாராவது வந்து குனிந்தால் கண்ணைத் திறக்காதே.

இன்னொன்று. உன் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. அந்தக் காலத்தில் நம் வீட்டில் ஒருவரும் போட்டோ பிடித்துக்கொண்டதில்லை. வெளிறிய முகமும் கதவைப் பார்த்த கண்ணும்தான் எனக்கு மிச்சம். அதற்கு முன்னால் நீ எப்படி இருந்தாய்? தணிகாவுக்கு உன் சாடை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவனிடம் இருக்கிற போட்டோவெல்லாம் பள்ளிக்கூடத்தில் எடுத்தது, அதிலெல்லாம் ஏதோ யோசனையாக இருக்கிறான். இந்தப் பத்திரிகை மதராசுக்கும் போகும். அவன் இதைப் படிப்பான்.

தணிகா, உன் அப்பாவுக்கு எழுதுகிற கடிதத்தில் உனக்கும் ஒரு வரி. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் கடைக்குப் போய்ப் புதுசாக ஒரு போட்டோ பிடித்துக்கொள். நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. அப்படியே தபாலில் போட்டுவிடு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா